ஃபேடிங் சேனல்ல டைவர்சிட்டி ரிசீவர் ப்ராஜெக்ட் எடுத்திருக்கீங்களா? கோட் எழுதுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

ஈசிஇ ஃபைனல் இயர், இல்ல எம்.இ. கம்யூனிகேஷன் படிக்கிற நம்ம பக்கத்துப் பசங்க பொண்ணுங்களுக்குத்தான் இது. வேலூரு, காட்பாடி, ராணிப்பேட்டை, ஆரணி, குடியாத்தம்னு எந்தக் காலேஜா இருந்தாலும் சரி, "ஃபேடிங் சேனல்ல டைவர்சிட்டி ரிசீவரோட பெர்ஃபார்மன்ஸ் அனாலிசிஸ்"ங்கிற டைட்டில் எப்படியும் யாராவது ஒரு டீம் கையில மாட்டும். சிக்னல் பல வழியில சிதறி வந்து சேர்றப்ப அதோட பலம் ஏறி இறங்குறது ஃபேடிங், ஒண்ணுக்கு மேல ஆன்டெனா வச்சி அதைச் சமாளிக்கிறது டைவர்சிட்டி. ஹார்ட்வேர் வேணாம், செலவு இல்ல, லேப்டாப் இருந்தா போதும்னு சீனியருங்க ஆசை காட்டுவாங்க. பாதி உண்மைதான். மீதி பாதி என்னன்னா, எஸ்என்ஆருக்கு (நாய்ஸை விட சிக்னல் எத்தனை மடங்கு பலம்ங்கிறது) எதிரா பிட் எரர் ரேட் கர்வ் வரும் ஆனா அது சரியா தப்பான்னு உங்களுக்கே தெரியாது, ரிவ்யூல "இந்த எக்ஸ் ஆக்சிஸ்ல இருக்கிறது எந்த எஸ்என்ஆர்?"னு ஒரே ஒரு கேள்வி கேப்பாங்க, மொத்த டீமும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பார்த்துக்கினு நிப்பீங்க. எங்க பேட்ச்ல நாங்க எல்லாரும் இதுல திண்டாடினவங்கதான். தியரி புக்ல இருக்கு, அதைத் திருப்பி எழுதப் போறதில்ல. எந்த வரிசையில செய்யணும், எங்க மாட்டுவீங்க, என்ன காகிதம், என்ன காசு, எவ்வளவு நாள், அவ்வளவுதான்.

1. டைட்டிலை முதல்ல சின்னதாக்குங்க

ஜீரோத் ரிவ்யூக்குப் போறதுக்கு முன்னாடி நாலே நாலு விஷயத்தை முடிவு பண்ணுங்க. எந்த மாடுலேஷன், எந்த ஃபேடிங், எந்த கம்பைனிங், எத்தனை ஆன்டெனா. முதல் தடவை செய்றவங்களுக்கு என் சிபாரிசு: பிபிஎஸ்கே (பிட்டை பிளஸ் 1, மைனஸ் 1-ஆ அனுப்புற மாடுலேஷன்), ரேலே ஃபேடிங் (நேர்ப் பாதை இல்லாம சிதறி மட்டும் வர்ற சிக்னலுக்கான மாடல்), கம்பைனிங்ல, அதாவது ஆன்டெனாக்களோட சிக்னலைச் சேர்க்கிறதுல, செலக்ஷன், ஈக்குவல் கெயின், மேக்ஸிமல் ரேஷியோ மூணும், ஆன்டெனா 1, 2, 4. இது முடிஞ்சப்புறம் ரேலேயை விடப் பொதுவான நாககாமி ஃபேடிங், அதுக்கப்புறம் ஆன்டெனாக்களுக்கு நடுவுல கோரிலேஷன், அதாவது ரெண்டும் சேர்ந்தே ஏறி இறங்குறது. இதுக்கே ஒரு செமஸ்டர் சரியா இருக்கும்.

அப்ஸ்ட்ராக்ட்ல "மில்லிமீட்டர் வேவ், மாசிவ் மைமோ, டீப் லேர்னிங்"னு அடுக்கி வைக்காதீங்க. கேக்க நல்லா இருக்கும், ஆனா கையெழுத்துப் போட்டு ஃபைல்ல போன அப்ஸ்ட்ராக்ட்டை மாத்துறதுக்கு மறுபடியும் கைடு, கோஆர்டினேட்டர், எச்ஓடின்னு மூணு பேர் கையெழுத்துக்கு அலையணும். சின்னதா எழுதிட்டு கடைசியில கூட செஞ்சா யாரும் கோச்சிக்க மாட்டாங்க.

2. ஒரு பக்கத்துக்கு அனுமானத்தை எழுதி வைங்க

எல்லா டாக்குமென்டையும் விட முக்கியமானது இதுதான், ஆனா எந்தக் காலேஜும் இதைக் கேக்காது. ஒரு ஏ4 தாள். அதுல இதெல்லாம் இருக்கணும்:

சேனல் ஃபிளாட்டா (எல்லா ஃப்ரீக்வென்சியும் ஒரே மாதிரி ஏறி இறங்குதா), ஃப்ரீக்வென்சி செலக்டிவ்வா. ஒவ்வொரு பிட்டுக்கும் சேனல் புதுசா மாறுதா, இல்ல ஒரு பிளாக் முழுக்க ஒண்ணா இருக்கா. ரிசீவருக்கு சேனல் அப்படியே துல்லியமா தெரியும்னு வச்சிக்கிறீங்களா. பிராஞ்சுங்க (ரிசீவரோட ஒவ்வொரு ஆன்டெனாவும் ஒரு பிராஞ்ச்) ஒண்ணுக்கொண்ணு தொடர்பு இல்லாததா. எல்லா பிராஞ்சுக்கும் சராசரி எஸ்என்ஆர் ஒண்ணா. கடைசியா, கிராஃப்ல போடப்போற எஸ்என்ஆர் ஒரு பிராஞ்சுக்கா, மொத்தத்துக்கா.

கைடு கிட்ட காட்டி அந்தத் தாள்ல ஒரு இனிஷியல் வாங்கிக்கோங்க. ஜனவரியில "சரி"ன்னவரு மார்ச்சுல "ஏன் இப்படி எடுத்தீங்க"ன்னு கேப்பாரு, அவரு மேல தப்பில்ல, அவரு கிட்ட இன்னும் அஞ்சு டீம் இருக்கும். தாளை எடுத்து நீட்டிடலாம். ரிப்போர்ட்ல மூணாவது சாப்டர் எழுதும்போதும் இதைத்தான் விரிச்சு எழுதப் போறீங்க.

3. சாஃப்ட்வேர்

மேட்லாப் காலேஜ் லேப்ல இருந்தா முதல்ல கம்யூனிகேஷன்ஸ் டூல்பாக்ஸ் லைசென்ஸ்ல இருக்கான்னு பாருங்க, வெறும் மேட்லாப் மட்டும் இருக்கிற லேப் நிறைய. டூல்பாக்ஸ் இருந்தா பெர்ஃபேடிங்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, டைவர்சிட்டி ஆர்டர் கொடுத்தா தியரி வேல்யூவைத் தந்துடும், உங்க கர்வை ஒத்துப்பார்க்க ரொம்ப உதவும். ஆனா அதையே ரிசல்ட்டா போட்டுடாதீங்க.

லேப் சாயங்காலம் பூட்டிடுவாங்கன்னா மேட்லாப் மாதிரியே இருக்கிற ஆக்டேவ் போதும், காசு கிடையாது, மேட்லாப் கோட் பெரும்பாலும் அப்படியே ஓடும். பைத்தான் தெரிஞ்சா அதோட கணக்கு லைப்ரரிங்களான நம்பை, சைபை வச்சி இன்னும் சுலபம். கிராக் மேட்லாப் போடாதீங்க, வைரஸ் ஒரு பக்கம், ரிப்போர்ட்ல ஸ்கிரீன்ஷாட் போடும்போது லைசென்ஸ் நம்பரைப் பார்த்து கேள்வி வந்தா அது வேற தலைவலி. இந்தக் கட்டத்துக்கு ஆகுற செலவு பூஜ்ஜியம்.

4. ஒரே ஒரு ஆன்டெனா கர்வ், முதல்ல அது பொருந்தணும்

ரெண்டு வாரம் ஆனாலும் பரவாயில்ல, இதை முடிக்காம அடுத்ததுக்குப் போகாதீங்க. ஆன்டெனா ஒண்ணு இருக்கும்போதே கர்வ் தப்பா இருந்தா நாலு ஆன்டெனாவுல அது நாலு விதமா தப்பா வரும், எங்க தப்புன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

தியரி இது: சராசரி எஸ்என்ஆர் காமான்னு வச்சிக்கோங்க, லீனியர்ல, டெசிபல்ல இல்ல. காமாவை 1 கூட்டல் காமாவால வகுத்து ஸ்கொயர் ரூட் எடுங்க, அது மியூ. 1-ல இருந்து மியூவைக் கழிச்சு பாதி ஆக்குனா பிட் எரர் ரேட். இதை கால்குலேட்டர்லயே போட்டுப் பாருங்க: 0 டெசிபல்ல 0.146 வரணும், 10 டெசிபல்ல 0.0233, 20 டெசிபல்ல 0.0025. இந்த மூணு நம்பரையும் நோட்டு முதல் பக்கத்துல பெருசா எழுதி வைங்க. ஃபேடிங் இல்லாத வெறும் நாய்ஸ் சேனல்ல இதே 10 டெசிபல்ல எரர் பத்து லட்சத்துக்கு சுமார் 4 தான். ஒரு லட்சத்துல ஒரு எரர்ங்கிற நிலைக்கு வர ஃபேடிங் இல்லாத இடத்துல 9.6 டெசிபல் போதும், ரேலேல கிட்டத்தட்ட 44 டெசிபல் வேணும். இந்த 34 டெசிபல் பள்ளத்தை எப்படித் தூர்க்கிறதுங்கிறதுதான் உங்க ப்ராஜெக்ட் முழுக்க, இன்ட்ரொடக்ஷன்ல இந்த ஒரு வரி போதும், ரெண்டு பக்கத்துக்கு செல்ஃபோன் கதை வேணாம்.

இப்ப சிமுலேஷன். வர்ற நம்பரை வச்சே நோய் என்னன்னு சொல்லிடலாம்:

கர்வ் சரியா 3 டெசிபல் இடது பக்கம் தள்ளி, அதாவது இருக்க வேண்டியதை விட நல்லா வருதா? சேனலை உருவாக்கும்போது ரியல் பார்ட், இமேஜினரி பார்ட் ரெண்டையும் கூட்டிட்டு ரூட் 2-ஆல வகுக்க மறந்திருப்பீங்க. சேனலோட சராசரி பவர் 1-க்குப் பதிலா 2 ஆயிருக்கும்.

3 டெசிபல் வலது பக்கம் தள்ளி இருக்கா? நாய்ஸ்ல ரியல், இமேஜினரின்னு ஒவ்வொரு பக்கத்துக்கும் என்-நாட்ல (நாய்ஸோட மொத்த பவர்) பாதிதான் போகணும், நீங்க முழுசாக் கொடுத்திருக்கீங்க.

20 டெசிபல்ல 0.0233 வருதா? அது 10 டெசிபலுக்கு வர வேண்டிய நம்பர். டெசிபலை லீனியராக்கும்போது 10-ஆல வகுக்காம 20-ஆல வகுத்திருக்கீங்க. 20 ஆம்ப்ளிட்யூடுக்கு, 10 பவருக்கு. எஸ்என்ஆர் பவர்.

ஒவ்வொரு தடவை ரன் பண்ணும்போதும் வேற வேற கர்வ், அதுவும் அருவி மாதிரி செங்குத்தா விழுதா? சேனலை லூப்புக்கு வெளிய ஒரே தடவை உருவாக்கி எல்லா பிட்டுக்கும் அதையே பெருக்கியிருப்பீங்க. ரேலே கர்வ் அருவி மாதிரி விழவே விழாது, 10 டெசிபலுக்கு ஒரு பத்து மடங்குன்னு நேர்கோடாத்தான் இறங்கும்.

கர்வ் கீழ போகப் போக பல்லு பல்லா இருக்கா? பிட்டு பத்தல. ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் குறைஞ்சது 100 எரர் எண்ணியிருக்கணும், அப்பதான் வேல்யூ பத்து சதவீதம் முன்ன பின்ன நம்பலாம். லட்சத்துல ஒண்ணுன்னா ஒரு கோடி பிட்டு ஓட்டணும். அதுக்குன்னு ஒரு கோடி பிட்டையும் ஒரே அரேல போடாதீங்க, காம்ப்ளக்ஸ் நம்பர் ஒண்ணு 16 பைட், ஒரு கோடிக்கு 160 எம்பி, நாலு ஆன்டெனாவுக்கு சேனலும் நாய்ஸும் சேர்த்தா 1,280 எம்பி, 4 ஜிபி லேப்டாப் அப்படியே உறைஞ்சி நின்னுடும். லட்சம் லட்சமா வெட்டி ஓட்டி எரரை மட்டும் கூட்டிக்கினே வாங்க. பிட்டு பிட்டா ஃபார் லூப் போட்டா ராத்திரி பூரா ஓடும், வெக்டரா எழுதினா டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடியும்.

5. பிராஞ்ச் சேர்க்கிறது

ஒண்ணு பொருந்திடுச்சா, இப்ப ரெண்டு. கோட்ல மாறுறது ரெண்டு மூணு வரிதான்.

செலக்ஷன்ல எந்த ஆன்டெனாவுல சிக்னல் பலமா இருக்கோ அதை மட்டும் எடுத்துக்கிறோம். ஈக்குவல் கெயின்ல ஃபேஸை மட்டும் நேராக்கி எல்லாத்தையும் சம எடையில கூட்டுறோம். மேக்ஸிமல் ரேஷியோல ஃபேஸையும் நேராக்கி பலமானதுக்கு அதிக எடை கொடுத்துக் கூட்டுறோம், அதாவது ஒவ்வொண்ணையும் அதோட சேனல் கான்ஜுகேட்டால பெருக்கிக் கூட்டினா முடிஞ்சது.

ரெண்டு ஆன்டெனா, பிராஞ்சுக்கு 10 டெசிபல், பிபிஎஸ்கே, ரேலே. வர வேண்டிய நம்பர்: செலக்ஷன் 0.0030, ஈக்குவல் கெயின் 0.0021, மேக்ஸிமல் ரேஷியோ 0.0016. ஒத்தை ஆன்டெனாவுல இது 0.0233. ஆக, பெரிய தாவல் ஒண்ணுல இருந்து ரெண்டுக்குப் போறப்பதான், எந்த கம்பைனிங்ங்கிறது அதுக்கப்புறம் வர்ற சில்லறை. இதை ரிசல்ட் சாப்டர்ல நீங்களே உங்க வாயால சொல்லணும், கிராஃப்பை ஒட்டிட்டு "மேக்ஸிமல் ரேஷியோ சிறந்தது என்று தெரிகிறது"ன்னு எழுதி நிறுத்தினா அது அனாலிசிஸ் இல்ல. ரெண்டு ஆன்டெனாவுக்கு செலக்ஷனுக்கும் மேக்ஸிமலுக்கும் வித்தியாசம் உயர்ந்த எஸ்என்ஆர்ல 1.5 டெசிபல்தான், செலக்ஷனுக்கு பிராஞ்சுங்களோட ஃபேஸை ஒத்து வரச் செய்ய வேண்டாம், ஒரு ரிசீவர் சர்க்யூட்டே போதும், அப்ப அந்த 1.5 டெசிபலுக்காக இன்னொரு முழு ரிசீவர் போடுறது லாபமாங்கிறதைப் பத்தி அரைப் பக்கம் எழுதுங்க. அந்த அரைப் பக்கத்துக்குத்தான் மார்க்கு.

சராசரி எஸ்என்ஆர் எவ்வளவு கூடுதுன்னும் ஒரு டேபிள் போடலாம். மேக்ஸிமல்ல ஆன்டெனா எண்ணிக்கை எவ்வளவோ அவ்வளவு மடங்கு. செலக்ஷன்ல 1, அரை, மூணுல ஒண்ணு, கால்னு கூட்டிக்கினே போகணும், நாலு ஆன்டெனாவுக்கு 2.083 மடங்கு, அதாவது 3.2 டெசிபல். மேக்ஸிமல்ல அதே நாலுக்கு 6 டெசிபல்.

அவுட்டேஜும், அதாவது சிக்னல் ஒரு அளவுக்குக் கீழ போறதுக்கான வாய்ப்பும், கண்டிப்பா போடுங்க, ஃபார்முலா சுலபம், சரிபார்க்கிறதும் சுலபம். சராசரி 20 டெசிபல், 10 டெசிபலுக்குக் கீழ போனா லைன் கட்னு வைங்க. ஒத்தை ஆன்டெனாவுல 0.095, அதாவது நூத்துல ஒம்பது பத்து தடவை கட். செலக்ஷன்ல ரெண்டுன்னா அதோட வர்க்கம், 0.0091. மேக்ஸிமல்ல ரெண்டுன்னா 0.0047, செலக்ஷன்ல பாதி.

இங்க ஒரு பொறி. ரெண்டு பிராஞ்சு போட்டும் கர்வோட சரிவு மாறவே இல்ல, வெறும் 3 டெசிபல் நகர்ந்து மட்டும் நிக்குதா? ரெண்டு ஆன்டெனாவுக்கும் ஒரே சேனலைக் கொடுத்துட்டீங்க, ராண்டம் சீடை லூப்புக்குள்ள ரீசெட் பண்ணியிருக்கீங்களான்னு பாருங்க. ரெண்டு ஆன்டெனான்னா 10 டெசிபலுக்கு நூறு மடங்கு இறங்கணும்.

6. எந்த எஸ்என்ஆர்? இதை முடிவு பண்ணாம ஒரு கிராஃபும் பிரிண்ட் எடுக்காதீங்க

மேல சொன்ன 0.0016 ஒவ்வொரு பிராஞ்சுக்கும் 10 டெசிபல்னு வச்சப்ப வந்தது. மொத்தமே 10 டெசிபல்தான், அதை ரெண்டு பிராஞ்சுக்கும் பங்கு போடுறோம்னு வச்சா, அதே மேக்ஸிமல் ரேஷியோல 0.0055 வரும். ரெண்டும் சரி. ஆனா ஒரு கர்வ் இப்படி, ஒரு கர்வ் அப்படின்னு ஒரே கிராஃப்ல போட்டா மொத்தமும் தப்பு. நெட்ல கிடைக்கிற கோடுங்கள்ல பாதி இப்படி எழுதினது, பாதி அப்படி எழுதினது, ரெண்டை வெட்டி ஒட்டினா தியரி கர்வ் ஒரு பக்கம் சிமுலேஷன் ஒரு பக்கம்னு 3 டெசிபல் பிரிஞ்சு நிக்கும். பசங்க என்ன பண்றாங்க, 3 டெசிபல் ஆஃப்செட் ஒண்ணு கோட்ல சேர்த்து பொருத்திடுறாங்க. அந்த ஆஃப்செட்டை எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கண்டுபிடிச்சா அதோட கதை முடிஞ்சது.

ரிசீவர் பக்கம் ஆன்டெனா கூட்டினா பிராஞ்சுக்கு இவ்வளவுன்னு போடுறதுதான் நியாயம், ஏன்னா ரெண்டாவது ஆன்டெனா நிஜமாவே கூடுதல் சக்தியைப் பிடிக்குது. டிரான்ஸ்மிட்டர் பக்கம் ரெண்டு ஆன்டெனா வைக்கிற 1998-ல வந்த அலமூட்டி முறையோட ஒப்பிடுறீங்கன்னா மொத்த பவரைப் பங்கு போடணும், அதான் அது அதே ரெண்டு ஆன்டெனா மேக்ஸிமலை விட 3 டெசிபல் பின்தங்கி, ஆனா அதே சரிவுல வரும். எக்ஸ் ஆக்சிஸ் லேபிள்ல "ஒரு பிராஞ்சுக்கான சராசரி எஸ்என்ஆர், டெசிபல்"னு முழுசா எழுதுங்க, வெறும் "எஸ்என்ஆர்"னு விடாதீங்க.

7. நாககாமி

கணக்குக்குப் பயப்படுறவங்க இங்கதான் நின்னுடுவாங்க. பயப்பட ஒண்ணும் இல்ல. எரர் ரேட்டைக் கணக்கு போடுற கியூ ஃபங்ஷனை 0-ல இருந்து 90 டிகிரி வரைக்குமான இன்டெக்ரலா எழுதலாம்னு 1991-ல கிரேக் காட்டினாரு, அதை வச்சா சராசரி எடுக்கிறது மொமென்ட் ஜெனரேட்டிங் ஃபங்ஷனைப் போட்டு நிரப்புற வேலையா சுருங்கிடும். பிபிஎஸ்கேக்கு (எம்ங்கிறது நாககாமியில ஃபேடிங் எவ்வளவு கடுமைன்னு சொல்ற நம்பர், கூடக்கூட ஃபேடிங் குறையும்): காமாவை எம்-ஆல வகுத்து, சைன் ஸ்கொயர் தீட்டாவால வகுத்து, 1 கூட்டி, மைனஸ் எம் பவருக்கு உயர்த்துங்க. மேக்ஸிமல்ல எத்தனை ஆன்டெனாவோ அத்தனை மடங்கு பவர். இன்டெக்ரல் எடுத்து பையால வகுத்தா பிட் எரர் ரேட். சைபைல அஞ்சு வரி.

சரிபார்க்க: எம் 1 போட்டா ரேலே வரணும். எம் 2, ஒத்தை ஆன்டெனா, 10 டெசிபல் போட்டா 0.0055 வரணும். ஆமா, மேல ரெண்டு ஆன்டெனாவுக்குப் பங்கு போட்டப்ப வந்த அதே நம்பர்தான், தற்செயல் இல்ல, கணக்கு ரெண்டுக்கும் ஒண்ணே. இதை ரிவ்யூல சொல்லுங்க, கைடே நிமிர்ந்து உக்காருவாரு.

8. கோரிலேஷன்

வேலூருல பாகாயத்துல இருந்து காட்பாடி ஸ்டேஷனுக்கு 1-ம் நம்பர் பஸ்ஸும் போகும், 2-ம் நம்பர் பஸ்ஸும் போகும். ஒண்ணு லேட்டானா இன்னொண்ணு வரும்னு நிம்மதியா நிக்கலாம், ஆனா க்ரீன் சர்க்கிள்ல டிராஃபிக் அடைச்சிக்கிச்சுன்னா ரெண்டும் சேர்ந்தேதான் லேட்டாகும். ஆன்டெனாவும் அப்படித்தான், ரொம்ப பக்கத்துல வச்சா ரெண்டும் ஒரே நேரத்துல பள்ளத்துல விழும்.

எவ்வளவு தள்ளி வைக்கணும்? சுத்தி எல்லாப் பக்கமும் இருந்து சிக்னல் சிதறி வர்ற இடத்துல பாதி வேவ்லென்த்னு எடுத்துக்கலாம். கோரிலேஷன் முதல் தடவை பூஜ்ஜியம் ஆகுறது 0.38 வேவ்லென்த்ல. வைஃபையோட 2.4 கிகாஹெர்ட்ஸ்ல வேவ்லென்த் 12.5 சென்டிமீட்டர், அப்ப 6 சென்டிமீட்டர் சொச்சம். உயரத்துல இருக்கிற டவருக்கு இது செல்லாது, அங்க சிக்னல் குறுகின கோணத்துல வர்றதால பத்து வேவ்லென்த்தும் அதுக்கு மேலயும் வேணும்.

சிமுலேஷன்ல ஒரு வரி, கோரிலேஷன் அளவு ஆர்னு வைங்க: ரெண்டாவது சேனல்னா முதல் சேனலை ஆர்-ஆல பெருக்கி, அதோட 1 கழித்தல் ஆர் ஸ்கொயரோட ரூட்டால பெருக்கின புது ராண்டம் சேனலைக் கூட்டுறது. பார்த்தா ஆச்சரியமா இருக்கும், ஆர் 0.7 இருந்தா கூட ரெண்டு ஆன்டெனா மேக்ஸிமல்ல நஷ்டம் சுமார் 1.5 டெசிபல்தான், 0.95 ஆனாத்தான் 5 டெசிபல். அதனால "கோரிலேஷன் இருந்தால் டைவர்சிட்டி பயனில்லை"ன்னு முடிவுரையில எழுதிடாதீங்க.

9. அளந்து பார்க்க ஆசை இருந்தா

கட்டாயம் இல்ல. ஆனா சிமுலேஷன் மட்டும் இருக்கிற பத்து டீமுக்கு நடுவுல ஒரு நிஜ டேட்டா இருந்தா தனியாத் தெரியும்.

சீப்பான வழி மூணு இஎஸ்பி32, அதாவது வைஃபை இருக்கிற குட்டி கன்ட்ரோலர் போர்டு. ஒண்ணு 400-ல இருந்து 600 ரூபா ஆகும், பவர் பேங்க் ஃப்ரெண்டு கிட்ட வாங்கிக்கோங்க, எல்லாம் சேர்த்து 2,000-க்குள்ள அடங்கும். ஆன்லைன்ல ஆர்டர் போட்டா வந்து சேர ஒரு வாரம் வைங்க. அவசரம்னா காட்பாடியில காலையில ரயிலேறி சென்ட்ரல்ல இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட் போய் வாங்கிட்டு ராத்திரிக்குள்ள திரும்பிடலாம், ஞாயித்துக்கிழமை மட்டும் போகாதீங்க, கடை பெரும்பாலும் சாத்தியிருக்கும்.

ஒரு போர்டு அனுப்பும், ரெண்டு போர்டு 6 சென்டிமீட்டர் தள்ளி ஒரே அட்டையில ஒட்டி வாங்கும், ரெண்டும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் சிக்னல் பலத்தை நம்பரோட பதியும். சும்மா வைஃபை பீக்கனை (ரவுட்டர் தானா அனுப்பிக்கினே இருக்கிற அறிவிப்பு பாக்கெட்) அளக்காதீங்க, அது செகண்டுக்கு கிட்டத்தட்ட பத்துதான் வரும், நடக்கிற வேகத்துல ஒரு அளவுக்கும் அடுத்ததுக்கும் 10 சென்டிமீட்டர் ஆயிடும், பள்ளமெல்லாம் நடுவுலயே நழுவிடும். இஎஸ்பி-நவ்ல (இந்த போர்டுங்க ரவுட்டர் இல்லாம நேரா பேசிக்கிற முறை) செகண்டுக்கு 50 பாக்கெட் அனுப்புங்க, மெதுவா நடங்க.

ஹாஸ்டல் காரிடார்ல, திருப்பத்துக்கு அந்தப் பக்கம் டிரான்ஸ்மிட்டரை வச்சி நேரா கண்ணுக்குத் தெரியாத மாதிரி பண்ணுங்க. கிரவுண்ட்ல வச்சா நேர்ப் பாதை பலமா வந்து ரைசியன் ஆயிடும், ரேலே கர்வோட பொருந்தலையேன்னு உக்காந்துக்கினு இருப்பீங்க. எல்லாரும் ரீல்ஸ் பார்க்கிற ராத்திரி பத்து மணி வேணாம், விடிகாலை அஞ்சு மணி நல்லது, நம்மூரு மே மாச வெயில்ல பகல்ல நடக்கவும் முடியாது. கோட்டைப் பக்கம், ஆஸ்பத்திரி, ரயில்வே பிளாட்ஃபார்ம் இங்கெல்லாம் வயரும் பவர் பேங்குமா சுத்தினா நிறுத்திக் கேப்பாங்க, காலேஜுக்குள்ளயே முடிச்சிக்கோங்க. வார்டனுக்கு ஒரு லெட்டர், எச்ஓடி கையெழுத்தோட.

டேட்டா வந்ததும் ரெண்டு வேலை. ரெண்டு போர்டும் ஒரே அளவு காட்டாது, சராசரியை ஒத்து வரச் செய்யுங்க. அப்புறம் தூரத்தால குறையுற சிக்னலை நீக்கணும், 20-ல இருந்து 40 வேவ்லென்த், அதாவது இரண்டரை மீட்டர்ல இருந்து அஞ்சு மீட்டருக்கு ஒரு மூவிங் ஆவரேஜ் எடுத்துக் கழிங்க. இதைச் செய்யாம ஹிஸ்டோகிராம் போட்டா ஃபேடிங்கும் தூரமும் கலந்த ஏதோ ஒண்ணுதான் வரும். சரியா வந்தா, சராசரியை விட 20 டெசிபல் கீழ போறது ஒத்தை ஆன்டெனாவுல நூத்துல ஒரு தடவை இருக்கும். ரெண்டுல நல்லதை எடுத்தா பத்தாயிரத்துல ஒண்ணு, அதைக் காட்ட உங்க கிட்ட பத்தாயிரத்துக்கும் பல மடங்கு சாம்பிள் இருக்கணும், இல்லன்னா அந்த ஆழம் வரைக்கும் கோடு போடாதீங்க.

ஆர்டிஎல் டாங்கிள் (யுஎஸ்பியில சொருகுற ரேடியோ ரிசீவர்) ரெண்டு வாங்கி மேக்ஸிமல் ரேஷியோ செய்யலாமான்னு கேக்கிறவங்களுக்கு: ரெண்டும் தனித்தனி கிளாக்ல ஓடுது, ஃபேஸ் ஒத்து வராது. செலக்ஷனுக்கு சரி, மேக்ஸிமலுக்கு கிளாக்கை ஒண்ணாக்கணும், அது சால்டரிங் வேலை. சில ஆயிரம் ரூபா செலவு பண்ணிட்டு அப்புறம் தெரிஞ்சிக்காதீங்க.

10. பேப்பர், காசு, தேதி

சப்மிஷன் தேதியில இருந்து பின்னாடி எண்ணுங்க. கடைசி ஒரு வாரம் பைண்டிங், கையெழுத்து. அதுக்கு முன்னாடி ஒரு வாரம் பிளேஜியரிசம் ரிப்போர்ட், ஏன்னா லைப்ரரியில செக் பண்றவரு ஒருத்தருதான் இருப்பாரு, மொத்த காலேஜும் அந்த ஒரே வாரத்துல அவரு டேபிள் முன்னாடி நிக்கும். அதுக்கு முன்னாடி மூணு வாரம் எழுதுறது. அப்ப ரிசல்ட் எல்லாம் சப்மிஷனுக்கு அஞ்சு வாரம் முன்னாடியே கையில இருக்கணும். ஒத்தை ஆன்டெனாவுக்கு ரெண்டு வாரம், கம்பைனிங் மூணுக்கும் ரெண்டு, நாககாமி கோரிலேஷனுக்கு மூணு, அளவெடுக்கிறதுன்னா இன்னும் மூணு.

பிளேஜியரிசம் அதிகமா மாட்டுறது லிட்டரேச்சர் சர்வேயும் "ஃபேடிங் என்றால் என்ன" சாப்டரும்தான். அந்த டெஃபனிஷனை ஊரே எழுதியாச்சு. அதைக் குறைச்சு ரெண்டாம் ஸ்டெப்புல எழுதின அனுமானத் தாளை விரிச்சீங்கன்னா அது உங்களோடது, மாட்டாது.

வேணும்கிற காகிதம்: போனஃபைட், டிக்ளரேஷன், ரிவ்யூ மார்க் ஷீட் எல்லாத்தோட காப்பி, பிளேஜியரிசம் ரிப்போர்ட், கோட் போட்ட பென்டிரைவ். போனஃபைட்ல டைட்டில், முதல் அப்ஸ்ட்ராக்ட்ல இருக்கிற டைட்டில், மார்க் ஷீட்ல இருக்கிற டைட்டில் மூணும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கான்னு பாருங்க. ஒரு வார்த்தை மாறினாலும் பைண்ட் பண்ணினதைப் பிரிச்சு மறுபடியும் பைண்ட் பண்ணச் சொல்ற இடம் இருக்கு.

காசு அதிகமாப் போறது கலர் பிரிண்ட்ல. கறுப்பு வெள்ளைக்கு ஆகுறதை விட பல மடங்கு, அதுவும் கைடுக்கு, டிபார்ட்மென்டுக்கு, டீம்ல ஆளுக்கொண்ணுன்னு காப்பி எடுத்தா சேர்ந்துக்கினே போகும். கிராஃபுல கலரை நம்பாதீங்க. வட்டம், சதுரம், முக்கோணம்னு மார்க்கர் வைங்க, தியரிக்கு முழுக் கோடு, சிமுலேஷனுக்கு மார்க்கர் மட்டும். கறுப்பு வெள்ளையிலயே தெளிவாத் தெரியும். ஒய் ஆக்சிஸ் லாக் ஸ்கேல், எல்லாக் கிராஃபுக்கும் ஒரே ரேஞ்ச்.

11. வைவா

கேக்கிறது அஞ்சாறு கேள்விதான், திரும்பத் திரும்ப. ஏன் இத்தனை பிட்டு ஓட்டினீங்க. சேனல் ரிசீவருக்குத் தெரியலன்னா என்ன ஆகும், இதுக்கு பைலட், அதாவது ரிசீவருக்கு முன்னாடியே தெரிஞ்ச பிட்டு, அனுப்பி எஸ்டிமேட் பண்ணணும், எஸ்டிமேட்ல நிலையா ஒரு தப்பு இருந்தா எஸ்என்ஆர் எவ்வளவு ஏத்தினாலும் கர்வ் ஒரு இடத்துல படுத்துடும்னு சொல்லுங்க. நாலு ஆன்டெனாவுல ஒண்ணு செத்துட்டா? அப்ப மூணு ஆன்டெனா சரிவு. ஒரு ஆன்டெனாவுல சராசரி குறைச்சலா இருந்தா? சரிவு மாறாது, கர்வ் வலது பக்கம் நகரும்.

லேப்டாப்ல கோடை ஓட்டிக் காட்டச் சொல்லுவாங்க. ஒரு கோடி பிட்டு வெர்ஷனை ஓட்டாதீங்க, 10 டெசிபல் வரைக்கும் மட்டும் ஓடுற குட்டி ஃபைல் ஒண்ணு தனியா வச்சிருங்க, முப்பது செகண்டுல முடியுற மாதிரி. சார்ஜரையும் எடுத்துக்கினு போங்க, அந்த ரூம்ல பிளக் பாயின்ட் வேலை செய்யுதான்னு முந்தின நாளே ஒருத்தர் போய்ப் பார்த்துடுங்க.